உறிஞ்சுகுழலும் கடிகாரமும்

பச்சிளஞ் சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றிப் பேசும் மருத்துவ மாநாடுகளிலும், புதிதாகத் திறக்கப்படும் அத்தகைய பிரிவுகளின் சிறப்புக்களை எடுத்துரைக்கும் அறிக்கைகளிலும், அண்மைக் காலமாக ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெற்று வருகிறது: 'எங்களிடம் மூடிய முறையில் மட்டுமே சக்ஷன் செய்கிறோம்.' வென்டிலேட்டரிலிருந்து மூச்சுக்குழல் டியூபைக் கழற்றிச் சளியை உறிஞ்சும் பழைய திறந்த முறையில் என்னென்ன கேடுகள் உண்டோ அவை யாவும் இந்த ஒரு மாற்றத்தால் நீங்கிவிட்டன என்றும், இனி இவ்விஷயத்தில் ஆராய்ந்து பார்க்க வேண்டியது ஏதும் இல்லை என்றும் அந்த வாக்கியம் கேட்பவரை நம்பச் செய்கிறது. 2020-இல் பரவிய பெருந்தொற்று, நோயாளியின் மூச்சிலிருந்து கிருமி காற்றில் கலந்துவிடுமே என்ற பயத்தைச் சிகிச்சை செய்வோர் மனத்தில் ஊன்றிவிட்டமையால், மூடிய முறையின் செல்வாக்கு மேலும் பெருகியது. இந்தச் செல்வாக்கை நான் குறை கூறவில்லை. அதனுடன் ஒட்டிவந்த திருப்தியைத்தான் குறை கூறுகிறேன். எப்படி உறிஞ்சுவது என்ற கேள்விக்குக் கிடைத்த நல்ல விடை ஒன்றை, உறிஞ்சத்தான் வேண்டுமா, வேண்டுமெனில் எப்போது, எத்தனை தடவை என்ற முந்திய கேள்விக்கும் விடையாகக் கொண்டுவிட்டோம். இது என்னுடைய நெடுநாளைய ஆட்சேபம். மூடிய முறைக்காக எழுப்பப்படும் வாதங்கள் பெருகப் பெருக அதுவும் வலுப்பெற்றே வந்திருக்கிறது.

மூடிய முறையின் குணங்களை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நியாயம். டியூபுக்கும் வென்டிலேட்டருக்கும் இடையே பொருத்தப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் எப்போதும் தயாராகக் கிடக்கும் கதீட்டரை, இணைப்பைக் கழற்றாமலே உள்ளே செலுத்தி வெளியே இழுத்துவிடலாம் என்பதால், மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலைச் சற்றே விரித்து வைத்திருக்கும் அழுத்தம் அடியோடு அற்றுப்போவதில்லை. சிசுவுக்குக் கிடைத்துவந்த பிராணவாயுவும் இடையில் அறுவதில்லை. நான்கு சோதனைகளையும் 252 சிசுக்களையும் உள்ளடக்கிய 2011-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, இரத்தத்தில் பிராணவாயு குறைந்துபோகும் நிகழ்ச்சிகள் மூடிய முறையில் ஏறக்குறையப் பாதியாயின என்றும், இதயத் துடிப்பு மந்தமாவதும் குறைந்தது என்றும் கண்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லியாண்ட்ரோ கார்டெரோவும் அவருடைய சகாக்களும் குறைமாதச் சிசுக்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நிமோனியாவிலோ மரணத்திலோ வேறுபாடு தென்படவில்லையாயினும், அதில் பங்கேற்ற 44 செவிலியரில் 40 பேர் மூடிய முறையே எளிது, நேரமும் மிச்சம், சிசுவும் அதை நன்கு தாங்கிக்கொள்கிறது என்று கருத்துரைத்தார்கள். சிசுவின் அருகிலேயே இரவு பகலாக நிற்பவர்களின் அபிப்பிராயம் அது. அதற்குரிய மதிப்பை அளித்தே ஆக வேண்டும்.

சிறு குறைகளும் உண்டு. ஒரு கிலோ எடையும் இல்லாத சிசுவின் டியூபின்மேல் கூடுதலாக ஒரு பாரம் தொங்குகிறது. உறிஞ்சி முடித்தபின் கதீட்டரை அதன் குறி தெரியும் வரை பின்னுக்கு இழுக்காவிட்டால், அதன் நுனி டியூபிலேயே தங்கி மூச்சுக்குத் தடையாகிறது. கதீட்டரைக் கழுவ விடும் சலைன், கவனம் பிசகினால், நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. பணம் குறைந்த மருத்துவமனைகளில் விலையும் ஒரு பொருட்டு. இவையெல்லாம் பழக்கத்தாலும் மேற்பார்வையாலும் திருத்தக்கூடியவையாதலால், இவற்றைப் பெரிதுபடுத்தி ஒரு நல்ல சாதனத்தைப் புறக்கணிப்பது முறையன்று. திறந்ததாயினும் மூடியதாயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு கணக்கை மட்டும் இங்கே சொல்லிவிட விரும்புகிறேன். இரண்டரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூபில் 5 நம்பர் கதீட்டர் புகும்போது குழாயின் பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே அடைபடுகிறது. அதே டியூபில் 6 நம்பர் புகுந்தால் 64 விழுக்காடு அடைபடுகிறது. மூன்று மில்லிமீட்டர் டியூபில் 8 நம்பரைச் செலுத்தினாலோ ஏறக்குறைய 79 விழுக்காடு அடைபட்டு, அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கம் சிசுக்களுக்கு விதித்துள்ள 70 விழுக்காடு என்ற எல்லை மீறப்படுகிறது. கதீட்டரைச் சுற்றிக் காற்று உள்ளே வர இடமின்றிப் போகும்போது, உறிஞ்சும் விசை முழுவதும் நுரையீரலின்மேலேயே விழுகிறது. அப்போது இணைப்பைக் கழற்றவில்லை என்பது சிசுவுக்குப் பெரிய பாதுகாப்பு ஆகிவிடாது. பொருத்தமான கதீட்டரைத் தேர்ந்தெடுப்பதும், விசையை 120 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் அடக்கி வைப்பதும், கருவியின் பெயரைவிட முக்கியமானவை என்பதை மூடிய முறையின் அன்பர்கள் எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

இனி என் முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். மேலே குறிப்பிட்ட காக்ரேன் தொகுப்பாய்வின் நான்கு சோதனைகளும் ஒரே அமைப்புடையவை: ஒரே சிசுவுக்கு ஒரு தடவை திறந்த முறையிலும், மற்றொரு தடவை மூடிய முறையிலும் சளியை உறிஞ்சி, அந்த வேளைகளில் பிராணவாயுவும் இதயத் துடிப்பும் எவ்வாறு ஏறி இறங்கின என்று பார்ப்பது. அளக்கப்பட்டது ஓர் உறிஞ்சுதல். அளவின் காலம் சில நிமிஷங்கள். அந்தச் சிசு வென்டிலேட்டரில் கழிக்கும் நாட்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அத்தனை நாளிலும் அதற்கு நேர்ந்த மொத்தத் துன்பம் எவ்வளவு, மொத்த நன்மை எவ்வளவு என்று கணக்கிடும் நோக்கம் அச்சோதனைகளுக்கு இருக்கவில்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில் ஒரே சிசு இரண்டு முறைகளுக்கும் உட்படும்போது, பின்னாளில் அதற்கு வரும் நலத்தையோ கேட்டையோ எந்த முறையின் கணக்கில் எழுதுவது? அத்தொகுப்பாய்வை எழுதியவர்கள் நேர்மையாளர்கள். மூடிய முறையை மட்டுமே கைக்கொள்ளலாம் என்று சிபாரிசு செய்யத் தக்க சான்று போதவில்லை என்றே முடித்தார்கள். அந்த முடிவைப் படித்தவர்கள் சான்றின் எல்லையை மறந்து, சான்று காட்டிய திசையை மட்டும் மனத்தில் கொண்டுவிட்டார்கள்.

ஓர் உறிஞ்சுதலின் துன்பம் பாதியாகக் குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை தடவை உறிஞ்சுகிறோம் என்ற எண்ணிக்கை அதே சமயத்தில் இரண்டு மடங்காகிவிட்டால் சிசுவுக்குக் கிடைத்த லாபம் யாது? இது கற்பனைக் கேள்வி அன்று. திறந்த முறையில் ஒரு தடவை உறிஞ்சுவதற்குக் கை கழுவி, மலட்டுக் கையுறை அணிந்து, புதுக் கதீட்டர் பிரித்து, முடிந்தால் துணைக்கு மற்றொருவரையும் அழைத்து, சிசுவின் கைகால்களை அணைத்துப் பிடிக்கச் சொல்லி, பிறகே இணைப்பைக் கழற்ற வேண்டும். அவ்வளவு ஏற்பாடுகளும் தேவைப்பட்டமையாலேயே, இப்போது இது அவசியந்தானா என்று செவிலியர் ஒரு கணம் சிந்திக்க இடம் இருந்தது. மூடிய முறையோ அந்தக் கணத்தை நீக்கிவிடுகிறது. ஒருவர் ஒற்றையாக நின்று உறையைப் பற்றித் தள்ளி இழுத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடலாம். எளிதாகிவிட்ட காரியம் அடிக்கடி நடைபெறும் என்பது மனித சுபாவம் பற்றிய சாதாரண அறிவு. அதை நன்கு அறிந்திருந்தும், ஒரு சிகிச்சையை எளிதாக்கும் சாதனத்தை எடைபோடும்போது அந்த அறிவை ஒதுக்கி வைத்துவிடுகிறோம். மூடிய முறை புகுந்தபின் தங்கள் பிரிவில் ஒரு சிசுவுக்கு நாளொன்றில் எத்தனை தடவை சக்ஷன் நடக்கிறது, அதற்கு முன் எத்தனை நடந்தது என்ற இரு எண்களை அருகருகே வைத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு அதன் வெற்றியைப் பாராட்டுவதே முறை.

எண்ணிக்கை என்பது அற்பமான விஷயமன்று என்பதற்குப் பாரிஸ் நகரைச் சுற்றியுள்ள 13 பிரிவுகளில் ரிக்கார்தோ கர்பஹாலும் அவருடைய குழுவினரும் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வே போதுமான சாட்சி. 430 சிசுக்களை, அவை சேர்க்கப்பட்ட முதல் இரு வாரங்களில், படுக்கையருகே இருந்து கவனித்து எழுதிய அந்தக் கணக்கில், ஒரு சிசு நாளொன்றுக்குச் சுமார் 16 தடவை வலியோ உபாதையோ தரும் செயல்களுக்கு உட்பட்டது தெரியவந்தது. வலி தரும் செயல்களுள் மூக்கிலிருந்து உறிஞ்சுதல் 28.8 விழுக்காடு, மூச்சுக்குழலிலிருந்து உறிஞ்சுதல் 23.2 விழுக்காடு, இரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்துவது அவற்றுக்கு அடுத்த இடத்தில்தான் வந்தது. தீவிர சிகிச்சையில் ஒரு சிசுவுக்கு வலி தரும் செயல்களில் பாதிக்கு மேல் உறிஞ்சுகுழலால் நடக்கின்றன என்று அறிந்த பின்னும், அந்தப் பாதியை எப்படிக் குறைப்பது என்ற கேள்வியை விட்டுவிட்டு, அதை எந்தக் கருவியால் செய்வது என்பதையே நாம் விவாதித்துக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

எண்ணிக்கையைத் தீர்மானிப்பது யார்? பல பிரிவுகளில் அது கடிகாரம். நான்கு மணிக்கு ஒரு தடவை, ஆறு மணிக்கு ஒரு தடவை என்று சார்ட்டில் அச்சிட்டு வைத்த கட்டம், நிரப்பப்படுவதற்காகக் காத்திருக்கிறது. அதை நிரப்பாமல் விடுவது கடமை தவறியதாகப் பொருள்படுகிறது. சிசுவின் நோய் இன்னது என்றோ, அதன் நுரையீரலில் சளி உண்டா இல்லையா என்றோ அந்தக் கட்டம் அறியாது. குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு முதல் நாட்களில் வரும் மூச்சுத் திணறலுக்குக் காரணம், நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் போதாமையேயன்றிச் சளி மிகுதியன்று. அந்நாட்களில் மூச்சுக்குழலில் சுரப்பு மிகச் சொற்பம். அந்தப் பொருளை மருந்தாக டியூபின் வழியே செலுத்தியபின் சில மணி நேரம் உறிஞ்சக் கூடாது என்று நாமே விதி வகுத்திருக்கிறோம். அந்தச் சில மணி நேரம் கழிந்த மறுகணமே கடிகாரம் மீண்டும் ஆட்சிக்கு வந்துவிடுவது எந்தச் சாஸ்திரத்தின்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும்: 'ஒவ்வொரு தடவையும் சளி வருகிறதே, வராமலா இருக்கிறது?' இந்தப் பதிலின் பலவீனத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். கதீட்டர் எட்டுவது டியூபும் அதற்குச் சற்றுக் கீழுள்ள பகுதியும் மட்டுமே. நுண்கிளைகளில் உள்ள சளியை மேலே ஏற்றிக் கொண்டுவருவது அவற்றின் சுவரில் உள்ள நுண்மயிர்களின் வேலை. மூச்சுக்குழலின் சுவரைக் கதீட்டரின் நுனி உரசினால் அது காயப்படுகிறது. காயப்பட்ட சவ்வு மேலும் சுரக்கிறது. நுண்மயிர்கள் அழிந்த இடத்தில் அந்தச் சுரப்பு தேங்குகிறது. சொறியச் சொறிய அரிப்பு வளர்வது போல, உறிஞ்ச உறிஞ்சச் சளியும் வளர்கிறது. அவ்வாறு வளர்ந்த சளியே அடுத்த உறிஞ்சுதலுக்கு நியாயமாகக் காட்டப்படுகிறது. போதாக்குறைக்குச் சளியை இளக்குவதாகச் சொல்லிச் சில துளி சலைனையும் டியூபில் விட்டுவிட்டால், வெளியே வரும் திரவத்தில் எவ்வளவு சளி, எவ்வளவு நாம் விட்ட நீர் என்று பிரித்தறியவும் வழியில்லை. ஒரு செயலின் தேவையை அந்தச் செயலே உண்டாக்கிக் கொடுக்கும்போது, அதன் பலனைக் கண்ணால் கண்டோம் என்பது சாட்சியமாகாது.

கதீட்டரை ஆழமாகச் செலுத்தும் வழக்கம் விளைத்த கேடுகளும் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. கதீட்டரின் நுனி மூச்சுக்குழல் கிளையையே துளைத்து, நெஞ்சறைக்குள் காற்றுப் புகச் செய்த சம்பவங்கள் 1976-இலேயே வெளியிடப்பட்டன. டியூபின் நீளத்தை அளந்து, அதன் முடிவுக்குச் சற்று அப்பாலே நிறுத்திவிட வேண்டும் என்ற அறிவுரை அதன் பின்னர் பரவியது. ஆயினும் நெஞ்சைவிட எனக்குக் கவலை தருவது தலை. பெர்ல்மனும் வோல்ப்பும் 1983-இல், குறைமாதச் சிசுக்களுக்குச் சக்ஷன் செய்யும்போது இரத்த அழுத்தமும், மூளைக்குப் பாயும் இரத்தத்தின் வேகமும், மண்டையோட்டுக்குள் உள்ள அழுத்தமும் உயர்வதைக் காட்டினார்கள். 2008-இல் கெய்ஸரும் அவருடைய சகாக்களும், மிகக் குறைந்த எடையுள்ள சிசுக்களின் மூளை இரத்த ஓட்டத்தில் ஏற்படும் அந்தக் கலக்கம் உறிஞ்சுதல் முடிந்த பின்னும் நெடுநேரம் நீடிக்கிறது என்று கண்டார்கள். இத்தகைய சிசுக்களின் மூளைக்குள் இரத்தக் கசிவு நேர்வதாயின் அது பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே நேர்கிறது. இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கங்களைத் தானே சமன் செய்துகொள்ளும் திறன் அந்த மூளைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சளி மிகக் குறைவாகவும் மூளை மிகப் பலவீனமாகவும் உள்ள அதே மூன்று நாட்களில், சார்ட்டின் கட்டத்தை நிரப்புவதற்காக மட்டும் ஒரு கதீட்டர் உள்ளே செல்லுமாயின், அது மூடிய உறையிலிருந்து சென்றதா திறந்த கையிலிருந்து சென்றதா என்று கேட்டு நாம் ஆறுதல் அடையலாமா?

சிசு மருத்துவத்தின் சரித்திரத்தில் உறிஞ்சுகுழல் ஏற்கெனவே தோல்வியுற்றிருக்கிறது. கருவறையிலேயே மலம் கழித்துவிட்ட சிசு பிறக்கும்போது, தலை வெளிவந்து தோள் வெளிவருமுன்பே வாயையும் மூக்கையும் உறிஞ்சிவிட வேண்டும் என்ற வழக்கம், 1976-இல் கார்சனும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்குப் பின் உலகெங்கும் பரவியது. பிறந்த பிறகு டியூப் செலுத்தி மூச்சுக்குழலையும் உறிஞ்சுவது அதனுடன் சேர்ந்தது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் இதைச் செய்யாமல் விடுவது குற்றமாகக் கருதப்பட்டது. பின்னர், செய்தலையும் செய்யாமையையும் எதிரெதிராக வைத்துச் சோதிக்கும் துணிவு சிலருக்கு வந்தது. 2000-இல் வைஸ்வெல் குழுவினர் 2094 சிசுக்களிடம் நடத்திய சோதனையில், நன்கு அழுது அசையும் சிசுவுக்கு டியூப் செலுத்தி உறிஞ்சுவதால் பயன் ஏதும் இல்லை என்று தெரிந்தது. 2004-இல் அர்ஜென்டினாவின் நெஸ்டர் வைனும் அவருடைய குழுவினரும் 2514 சிசுக்களிடம் நடத்திய சோதனையில், தோள் வெளிவருமுன் உறிஞ்சுவதாலும் பயன் இல்லை என்று தெரிந்தது. துவண்டு பிறக்கும் சிசுக்களைப் பற்றிய ஐயத்தை நம் பக்கத்திலுள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையே எடுத்துக்கொண்டு, 122 சிசுக்களைச் சோதித்து, அவர்களிடமும் வேறுபாடு காணவில்லை என்று 2015-இல் வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே சர்வதேச நெறிமுறைகளும் இந்த வழக்கத்தைக் கைவிட்டன. சாதாரணமாகப் பிறக்கும் சிசுவின் வாயையும் மூக்கையும் பந்துக் குழலால் உறிஞ்சுவதற்குப் பதில் துணியால் துடைத்துவிட்டாலே போதும் என்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் 488 சிசுக்களிடம் நடந்து 2013-இல் வெளியான சோதனையும் காட்டியது.

இச்சோதனைகளில் உறிஞ்சுகுழலுக்கு எதிரில் நிறுத்தப்பட்டது வேறோர் உறிஞ்சுகுழலன்று, உறிஞ்சாமை. அப்படி நிறுத்தப்பட்டபோதெல்லாம் உறிஞ்சுகுழல் தன் அவசியத்தை நிரூபிக்க முடியாமல் போயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நாம் ஓர் உறிஞ்சுகுழலை மற்றோர் உறிஞ்சுகுழலோடு போட்டியிடச் செய்து, வென்றதற்கு மாலை சூட்டியிருக்கிறோம். இரண்டில் எது வென்றாலும் உறிஞ்சுதல் வெல்லும்படியான பந்தயம் அது.

முன்பு குறிப்பிட்ட கார்டெரோவின் மூன்று ஆய்வுகளுக்கு நேர்ந்த கதியே இதற்கு உதாரணம். 1971-இல் அவரும் எட்வர்ட் ஹானும், மூக்கின் வழியே தொண்டையைக் குழலால் தூண்டுவதனாலேயே பிறந்த சிசுவின் இதயத் துடிப்பு மந்தமாகிவிடுவதை எடுத்துக்காட்டினார்கள். 2000-இல் அவர் குழு திறந்த முறையையும் மூடிய முறையையும் ஒப்பிட்டது. 2001-இல் அக்குழுவே, வென்டிலேட்டரில் உள்ள மிகக் குறைந்த எடைச் சிசுக்களுக்கு நான்கு மணிக்கொரு தடவை உறிஞ்சுவதையும் எட்டு மணிக்கொரு தடவை உறிஞ்சுவதையும் ஒப்பிட்டு, கிருமித் தொற்றிலோ நுரையீரல் நோயிலோ மரணத்திலோ வேறுபாடு ஏதும் இல்லை என்று கண்டது. பாதி எண்ணிக்கையில் செய்தாலும் சிசுவுக்குக் குறை ஒன்றும் வரவில்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஆயினும் மூன்றில் நடுவில் உள்ளதையே மாநாடுகள் மேற்கோள் காட்டுகின்றன. எத்தனை தடவை உறிஞ்சுவது என்பதைப் பற்றி 2016-இல் காக்ரேன் தொகுப்பாய்வாளர்கள் தேடியபோது, உலகம் முழுவதிலும் அவர்கள் சேர்த்துக்கொள்ளத் தக்கதாய்க் கிடைத்தது 97 சிசுக்களைக் கொண்ட அந்த ஒரே சோதனைதான். கருவியை விற்பவர் உண்டு; ஆகவே கருவியைச் சோதிப்பவரும் உண்டு. செய்யாமையை விற்பவர் எவருமில்லை.

எதிர்வாதத்தில் கனமானது ஒன்றே; அதை மறைக்க நான் விரும்பவில்லை. இரண்டரை மில்லிமீட்டர் குழாய் சளியால் அடைபட்டால் சிசு சில நிமிஷங்களில் உயிரிழக்கக்கூடும். அந்தப் பயம் பொய்ப் பயமன்று. அந்தப் பயத்துக்குப் பரிகாரமாகக் கடிகாரத்தை நாடுவதுதான் பிழை. டியூபில் சளி கண்ணுக்குத் தெரிவது, நெஞ்சில் கரகரவென்ற ஒலி கேட்பது, வென்டிலேட்டர் திரையின் அலைவரைவு ரம்பப் பற்களாக வெட்டுப்பட்டுத் தோன்றுவது, நெஞ்சு எழும்புவது குறைவது, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறுவது ஆகிய அடையாளங்கள் சளி சேர்ந்திருப்பதை அறிவிக்கின்றன. அமெரிக்கச் சுவாசப் பராமரிப்புச் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறையும், தேவைப்படும்போது மட்டுமே உறிஞ்ச வேண்டும், கால அட்டவணைப்படி அன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, திறந்த முறை மூடிய முறை இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. அச்சங்கம் பெரியதாக எண்ணிய விஷயத்தை நாம் சிறியதாகவும், அது சிறியதாக எண்ணியதைப் பெரியதாகவும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். சளி கெட்டியாகி அடைப்பதற்குப் பெரும்பாலும் மூலகாரணமாக இருப்பது, சிசுவுக்குச் செல்லும் காற்று போதிய வெப்பமும் ஈரமும் பெறாமைதான். 37 பாகை வெப்பத்தில் நிறைவாக ஈரமுற்ற காற்று லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீரைத் தாங்கும்; அந்த அளவு கிடைக்கிறதா, ஈரமூட்டும் கலத்தில் நீர் இருக்கிறதா, ஏ.சி. அறையின் குளிர்ச்சியில் குழாயிலேயே நீர் துளித்து நின்றுவிடுகிறதா என்று பார்க்கும் செவிலியர், கதீட்டரைத் தொடாமலே பல அடைப்புக்களைத் தடுத்துவிடுகிறார்.

'ஒரு செவிலியர் நான்கைந்து சிசுக்களைக் கவனிக்கும் இடத்தில், அடையாளங்களைப் பார்த்துக்கொண்டிருக்க ஏது நேரம்? கடிகாரமாவது ஒரு காவலாக இருக்கட்டும்' என்று சொல்வோரும் உண்டு. ஆள் பற்றாக்குறை உண்மை. அரசாங்க மருத்துவமனைகளில் அது கொடிய உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறையின் விலையைச் சிசுவின் மூச்சுக்குழலிலிருந்து வசூலிக்க நமக்கு உரிமை இல்லை. நேரமில்லாதவர் செய்யும் உறிஞ்சுதல் அவசரமான உறிஞ்சுதல். அவசரமான உறிஞ்சுதலே ஆழமாகச் செல்கிறது, நீண்டு நிற்கிறது, தவறான நம்பர் கதீட்டரை எடுக்கிறது. ஒரு நாளில் தேவையற்ற மூன்று உறிஞ்சுதல்களை நீக்கினால், அந்த நேரமே அடையாளங்களைப் பார்ப்பதற்குக் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமானது, செவிலியரின் பகுத்தறிவுக்கு நாம் செய்துவரும் அநீதி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, இந்தச் சிசுவுக்கு இப்போது வேண்டாம் என்று தீர்மானிக்கும் திறமை பெற்ற ஒருவரை, கட்டத்தை நிரப்பும் கையாகத் தாழ்த்திவிட்டு, பிறகு அவருக்கு ஒரு வசதியான கருவியை வாங்கிக் கொடுத்து முன்னேற்றம் என்று பெயரிடுகிறோம்.

ஆகவே சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தலைவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. மூடிய முறையை வாங்குங்கள், வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், இத்தனை மணிக்கொரு தடவை சக்ஷன் என்று உங்கள் சார்ட்டில் அச்சிட்டுள்ள கட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'ஏன் உறிஞ்சினோம்' என்று காரணம் எழுத ஒரு கட்டம் போடுங்கள். காரணம் எழுத முடியாத உறிஞ்சுதல் நடைபெறக் கூடாது என்று ஆணையிடுங்கள். ஒரு மாதம் கழித்து, ஒரு சிசுவுக்கு நாளொன்றில் எத்தனை தடவை என்ற எண்ணை எடுத்துப் பார்த்து, அடுத்த மாநாட்டில் உங்கள் கருவியின் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணை வாசியுங்கள்.